கிருமி போன பிறகு

என் மனைவியின் உடம்பில் ஒரு கிருமிகூட மிச்சமில்லை என்று டாக்டர் சொன்ன அன்று, ஆஸ்பத்திரிக்கு வெளியே புளியமரத்தடியில் நின்று நாங்கள் இருவரும் வாய்விட்டுச் சிரித்தோம். அவள் விரல்கள் மடங்கியது அதற்கு அப்புறம்தான். நடந்த இந்த வரிசையை யாருக்கும் என்னால் புரியும்படி சொல்ல முடிந்ததில்லை. நோய் இருந்தவரை நன்றாக இருந்தாள், நோய் தீர்ந்த பின்னால் கெட்டுப்போனாள் என்றால், நான் எதையோ மறைக்கிறேன் என்றுதான் கேட்பவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள்.

எண்பதுகளின் முதல் பாதி அது. பென்னாகரத்தில் நான் மேல்நிலைப் பள்ளியில் உயிரியல் சொல்லிக்கொடுத்தேன். அவள் அதே ஊரில் பெண்பிள்ளைகள் பள்ளியில் தையல் டீச்சர். இருவருக்கும் பூர்வீகம் ஏரியூர்ப் பக்கம். மழையை நம்பிச் சாமையும் கேழ்வரகும் நிலக்கடலையும் போடுகிற, வேதக்காரர் என்று ஊரில் சொல்லும் கத்தோலிக்கக் குடும்பங்கள். எங்கள் வகையறாவில் படித்து மாதச் சம்பளத்துக்கு வந்தவர்கள் நாங்கள் சிலபேர்தான். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் வாடகைக்கு ஒரு வீடு எடுத்திருந்தோம். முன்னறையில் அவளுடைய தையல் மெஷின். பள்ளிக்கூடம் விட்டு வந்து முகம் கழுவிய கையோடு அதில் உட்கார்ந்துவிடுவாள். கோயிலில் முதல்முறை நற்கருணை எடுக்கும் புதுநன்மைப் பெண்பிள்ளைகளுக்கு வெள்ளைக் கவுன் தைக்க எங்கள் கோயில் பங்கில் எல்லாரும் அவளிடம்தான் வருவார்கள். என்னோடு பேசிக்கொண்டே, ஊசியைப் பார்க்காமலே நூல் கோப்பாள். எனக்கு அதைப் பார்த்துக்கொண்டிருக்கப் பிடிக்கும். அதைச் சொன்னால், "இதுல என்னாங்க இருக்குது, விரலுக்கே தெரியும்" என்பாள்.

ஒரு நாள் அவள் பள்ளிக்குத் தொழுநோய்ப் பரிசோதனை செய்பவர் வந்தார். எங்கள் மாவட்டத்தில் அப்போது அது சாதாரணம். பிள்ளைகளை ஜன்னல் வெளிச்சத்தில் நிறுத்தி முதுகு, கை, காது எல்லாம் பார்ப்பார்கள். பெண்பிள்ளைகளை வரிசையாக அனுப்பி வைக்கும் வேலை இவளுக்கு. கடைசிப் பெண்ணும் போனபின், பஞ்சையும் குண்டூசியையும் பைக்குள் எடுத்து வைத்துக்கொண்டிருந்தவரிடம், "எங்களையெல்லாம் பாக்க மாட்டீங்களா? டீச்சருங்களுக்கு வராதுங்களா?" என்று விளையாட்டாகக் கையை நீட்டியிருக்கிறாள். அவரும் சிரித்துக்கொண்டே முழங்கையைத் தொட்டிருக்கிறார். பிறகு அடுத்த முழங்கையைத் தொட்டார். காது மடலை இரண்டு விரலால் நெருடிப் பார்த்தார். அதற்குள் அவர் சிரிப்பு போய்விட்டது. "கொஞ்சம் வெளிச்சத்துல வந்து நில்லுங்கம்மா" என்றாராம்.

வீட்டுக்கு வந்து இதை என்னிடம் சொன்னபோது அவள் அழவில்லை. "என் காது தடிச்சிருக்குதாமே, நீங்க பாத்திருக்கீங்களா?" என்று கேட்டாள். பார்த்தேன். தடித்துத்தான் இருந்தது. கொஞ்ச நாளாக அவள் முகம் மினுமினுவென்று இருந்ததைக் கல்யாணக் களை என்று ஊரில் எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

இரண்டு பஸ் மாறிப் போகவேண்டிய தொழுநோய் ஆஸ்பத்திரி ஒன்றுக்கு அவளைக் கூட்டிப்போனேன். அங்கே இருந்த டாக்டரம்மா நடுவயதுக்காரர். குரலை உயர்த்தாமல், எதையும் சுற்றி வளைக்காமல் பேசுவார். காது மடலில் பிளேடால் மெல்லக் கீறி, வந்த திரவத்தைக் கண்ணாடித் துண்டில் தேய்த்துச் சாயம் ஏற்றினார்கள். நான் உயிரியல் வாத்தியார் என்று தெரிந்ததும் டாக்டரம்மா என்னையும் மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொன்னார். நீலப் பின்னணியில் சிவப்புக் குச்சிகள், கட்டுக் கட்டாக. எத்தனையோ வருஷமாகக் கரும்பலகையில் நான் வரைந்து காட்டிய பாக்டீரியாவை நேரில் பார்த்தது அன்றுதான். என் பெண்டாட்டியின் காதிலிருந்து எடுத்தது.

"இத்தனை கிருமி இருக்கு. ஆனா வலி இல்ல, காய்ச்சல் இல்ல, வீக்கம் இல்ல" என்றார் டாக்டரம்மா. "ஏன்னா இவங்க உடம்பு அதுங்கள எதிரின்னே கண்டுக்கல. வீட்டுக்குள்ள வந்து உக்காந்துக்கிட்டதை விருந்தாளின்னு நெனச்சு விட்டுருச்சு. இப்ப புது வைத்தியம் வந்திருக்கு சார். மூணு மருந்து சேத்துக் குடுக்கறோம். கிருமி எல்லாம் செத்துரும். தோல் கொஞ்சம் கறுக்கும், பயப்படாதீங்க."

அவள் ஒரு வேளைகூடத் தவறவில்லை. மாசத்துக்கு ஒருமுறை நர்ஸ் கண்ணெதிரே விழுங்கவேண்டிய மாத்திரைகளும் இருந்தன. அவற்றை விழுங்கிய அன்று சிறுநீர் சிவப்பாகப் போகும். "துணிக்குச் சாயம் போட்டாப்பல இருக்குதுங்க" என்று சிரிப்பாள். தோல் மாதாமாதம் கறுத்துச் செம்மண் நிறத்துக்கு வந்தது. பள்ளிக்கூடத்தில் கேட்டவர்களிடம் வெயில் என்று சொல்லிக்கொண்டாள். மெஷினில் உட்காருவதும் கவுன் தைப்பதும் முன்போலவே நடந்தன.

மருந்து தொடங்கிச் சில மாதம் போனதும் கெண்டைக்காலிலும் கையிலும் சிவந்த கட்டிகள் எழும்பின. தொட்டால் சுட்டன. கூடவே காய்ச்சல். முதல் முதலாக அப்போதுதான் அவளுக்கு வலி வந்தது. எங்கள் இரு வீட்டிலும் விஷயம் தெரிந்தவர் அவளுடைய அண்ணன் ஒருவர்தான். ஏரியூரில் நிலம் பார்த்துக்கொண்டிருந்தார். அதிகம் பேசாத மனுஷன். வந்து தங்கை படுத்திருந்த பாய் பக்கத்தில் குந்தினார்.  பிறகு என்னிடம் சொன்னார்:

"மாப்ள, நாஞ் சொல்றனேன்னு கோவிச்சுக்காதீங்க. மாத்தர திங்காத வரைக்கும் இவளுக்கு ஒரு தலவலி உண்டுங்களா? நல்லாத்தான இருந்தா? தின்ன பொறவுதான் இப்பிடி வெந்துபோயிக் கெடக்கறா. நிறுத்திப்புடுங்க."

 கண்ணால் பார்த்ததைத்தான் அவர் சொன்னார். கண்ணால் பார்த்தவரை அவர் சொன்னது சரி. பாயில் கிடந்த அவள்தான் முகத்தை இந்தப்பக்கம் திருப்பினாள்.

"அண்ணா, நிறுத்தினா கையும் காலும் போயிரும்னு டாக்டரம்மா சொல்லியிருக்காங்க. கை போனா நான் என்ன பண்ணுவேன்? நான் நிறுத்த மாட்டேன்."

நிறுத்தவில்லை. டாக்டரம்மா வேறொரு மாத்திரையைச் சேர்த்துக் கொடுத்தார். ஸ்டீராய்டு. கட்டிகள் அடங்கின, காய்ச்சல் விட்டது. முகம் உப்பிக் கன்னம் வந்தது. அதையும் ஊரில் நல்ல சதைப்பிடிப்பு என்றார்கள். பிறகு அதை மெல்லக் குறைத்து நிறுத்தினார்கள். வருஷக் கணக்கில் ஓடிய வைத்தியத்தின் கடைசியில் காதைக் கீறிப் பார்த்தார்கள், புருவத்தைக் கீறிப் பார்த்தார்கள். ஒரு குச்சிகூட இல்லை. அன்றைக்குத்தான் புளியமரத்தடியில் நின்று சிரித்தோம். ஊருக்கு வந்ததும் ஒரு ஜோடி வளையல் வாங்கித் தரச் சொன்னாள். கண்ணாடி வளையல்தான். வாங்கிப் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டிலிருந்து கையை வீசி நடந்து வந்தாள்.

வைத்தியம் முடியட்டும் என்று குழந்தையைத் தள்ளிப்போட்டிருந்தோம். இப்போது டாக்டரம்மாவைக் கேட்டோம். "பெத்துக்கங்க, தாராளமா" என்றார். அடுத்த வருஷம் தருமபுரி ஆஸ்பத்திரியில் பெண் பிறந்தது. இவளுக்கு முதலில் பார்க்கத் தோன்றியது குழந்தையின் கைகளைத்தான். விரல் ஒவ்வொன்றையும் பிரித்து, நகத்தைத் தடவி, மடக்கி நீட்டிப் பார்த்தாள். "நல்லா நீளமா இருக்குதுங்க, எம்பிராய்டரி பண்ணலாம்" என்றாள்.

ஞானஸ்நானம் கொடுத்துக் கொஞ்ச நாள்தான் ஆகியிருக்கும். ஒரு காலையில் குழந்தைக்குத் துணி கட்டிக்கொண்டிருந்தவள் என்னைக் கூப்பிட்டாள். ஊக்கைப் பிடிக்க முடியவில்லை. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்தன, ஆனால் பிடி இல்லை. உடம்பு அனலாகக் கொதித்தது. முகத்தில், முதுகில், தொடையில் எல்லாம் அந்தச் சிவந்த கட்டிகள். இரண்டு முழங்கையையும் மடியில் வைத்துக்கொண்டு, "தொடாதீங்க, காத்துப் பட்டாக்கூட வலிக்குது" என்றாள். முழங்கையை எதிலாவது இடித்துக்கொண்டால் சுண்டுவிரல்வரை மின்சாரம் பாய்ந்தாற்போல் இருக்குமே, அந்த நரம்பு. தொட்டுப் பார்த்தேன். உள்ளே கயிறுபோல் தடித்திருந்தது.

குழந்தையோடு அவளைப் பழைய தொழுநோய் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். முதலில் காதைத்தான் கீறிப் பார்த்தார்கள். கிருமி இல்லை. திரும்பவும் பார்த்தார்கள். இல்லை.

"அப்புறம் எதுக்குங்க எனக்கு இப்படி?" என்று கேட்டாள்.

டாக்டரம்மா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். "கிருமி செத்துப்போச்சும்மா. ஆனா செத்த உடம்பு உடைஞ்சு துண்டு துண்டா உங்க தோல்லயும் நரம்புலயும் கிடக்குது. அது போறதுக்கு வருஷக்கணக்கா ஆகும். அது உயிரோட இருந்தப்ப கண்டுக்காம இருந்த உடம்பு, இப்ப முழிச்சுக்கிச்சு. செத்ததை எதுத்துச் சண்டை போடுது. சண்டையில அடிபடறது உங்க நரம்பு. வயித்துல புள்ள இருக்கறப்ப உடம்பு தன் கோபத்தை அடக்கி வெச்சிருக்கும். பொறந்ததும் எல்லாம் சேந்து எழுந்திரிக்கும்."

"அப்ப நான் புள்ள பெத்துக்கிட்டது தப்புங்களா?"

"தப்பு இல்லம்மா. நான்தானே பெத்துக்கங்கன்னு சொன்னேன். எல்லாருக்கும் இப்படி வர்றதில்ல. யாருக்கு வரும்னு சொல்ல எங்களுக்குத் தெரியாது."

பக்கத்துக் கட்டிலில் இருந்த பெண் மருந்தைப் பாதியில் விட்டவள், கை கால் இரண்டும் போனவள். அவளுக்கு ஒரு காரணம் இருந்தது. இவளுக்கு அதுவும் இல்லை. தானே கையை நீட்டினாள், சொன்னதையெல்லாம் செய்தாள், விழுங்கச் சொன்னதையெல்லாம் விழுங்கினாள். யாரைத் திட்டுவது என்று தெரியாமல் நான் ஆஸ்பத்திரி வராந்தாவில் நடந்துகொண்டிருப்பேன்.

ஸ்டீராய்டை நிறையக் கொடுத்தார்கள். அடங்கியது. குறைத்தார்கள். ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனதும் கட்டிகள் மறுபடி முளைத்தன. கூட்டினார்கள். அடங்கியது. குறைத்தார்கள். வீட்டுக்கு வருவோம், திரும்பவும் பஸ் ஏறுவோம். ஒவ்வொரு முறையும் எதையாவது இழந்துவிட்டு வந்தாள். ஒரு தடவை வலது கைச் சுண்டுவிரலின் அசைவு. ஒரு தடவை அதற்கடுத்த விரல். ஒரு தடவை கண் சிவந்து, விளக்கைப் பார்க்க முடியாமல், புடவைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு கிடந்தாள். அடங்கினபோது அந்தக் கண்ணில் பாதி வெளிச்சம்தான் மீந்தது.

ஸ்டீராய்டோடு அந்தப் பழைய மருந்தையும், தோலைக் கறுக்கவைக்கும் அந்த மருந்தைத்தான், மறுபடி கொடுக்க ஆரம்பித்தார்கள். அதற்கு இந்தக் கொதிப்பைக் கொஞ்சம் தணிக்கும் குணமும் உண்டு. குழந்தைக்கு அப்போது தாய்ப்பால்தான். ஒரு நாள் பால் லேசான ரோஸ் நிறத்தில் இருப்பதைப் பார்த்தாள். அதற்கப்புறம் குழந்தையை வெளிச்சத்தில் வைத்துத் தினமும் பார்த்தாள். குழந்தையின் கன்னமும் காதும் மெல்லச் செம்மண் நிறத்துக்கு வந்தன.

"என் நிறம் அதுக்கு வந்துட்டுதுங்க" என்றாள். 

டாக்டரம்மா குழந்தையைத் தன் மடியில் போட்டுக்கொண்டு விளக்கினார். மருந்து ஒரு சாயம். பாலில் இறங்கும். குழந்தையின் தோலில் ஏறும். மருந்தை நிறுத்தினால் கழுவிவிட்டாற்போல் போய்விடும். இவள் உடம்பில் கிருமியே இல்லை, கிருமி இல்லாதவளிடமிருந்து குழந்தைக்கு எது வரும்? எல்லாவற்றுக்கும் இவள் தலையாட்டினாள். அன்று சாயங்காலம் மாரில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, "அண்ணனுக்குச் சொல்லியனுப்புங்க" என்றாள்.

மச்சான் வந்து குழந்தையை ஏரியூருக்குத் தூக்கிக்கொண்டு போனார். மாத்திரையை நிறுத்தச் சொன்ன பழைய பேச்சை அவர் எடுக்கவே இல்லை. எடுத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றியது. பஸ் புறப்படும்வரை குழந்தையின் முகத்தில் வெயில் படாமல் துண்டைப் பிடித்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார்.

இதற்கெல்லாம் நடுவில், ஒரு நாள் காலையில் எழுந்து, "இன்னிக்கு வலி இல்லைங்க" என்றாள். முழங்கையைத் தானே பிடித்துப் பார்த்தாள். அழுத்திப் பார்த்தாள். "சுத்தமா இல்லைங்க. பாருங்களேன்." மாதக்கணக்கில் அவள் முகத்தில் பார்க்காத ஒன்று அப்போது இருந்தது. பள்ளிக்கு லீவு சொல்லிவிட்டு உடனே பஸ் ஏறினோம். வழியில் ஒரு கடையில் ஆஸ்பத்திரிக்காரர்களுக்கு என்று இனிப்பு வாங்கினாள்.

டாக்டரம்மா முழங்கையைத் தடவினார். கண்ணை மூடச் சொல்லிவிட்டுச் சுண்டுவிரலில், உள்ளங்கை ஓரத்தில் குண்டூசியால் குத்தினார். "எங்க குத்தறேன்னு சொல்லுங்க." இவள் கண்ணை மூடிக்கொண்டு, சின்னச் சிரிப்போடு காத்திருந்தாள். எப்போது குத்தப்போகிறார் என்று காத்திருந்தாள். ஊசி குத்திய இடத்தில் ஒரு பொட்டு ரத்தம் வந்தது. அவள் அப்போதும் காத்துக்கொண்டுதான் இருந்தாள்.

என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்வார் என்று நினைத்தேன். இல்லை, அவளிடமே சொன்னார். "நரம்பு செத்துப்போச்சும்மா. சாகற வரைக்கும்தான் வலி இருக்கும்."

திரும்பி வரும்போது இனிப்புப் பொட்டலம் பிரிக்காமல் என் பையில் இருந்தது. அவள் பஸ் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். மடியில் கிடந்த கையில் இரண்டு விரல் உள்ளங்கைப் பக்கம் வளைந்திருந்தன. இடது கையும் சில மாதத்தில் அதே வழியில் போனது. பள்ளிக்கூட வேலையை விடுவதாக அவளே எழுதிக்கொடுத்துவிட்டாள். இருக்கச் சொல்லித் தலைமையாசிரியை ஆள் அனுப்பினார். வாயால் சொல்லிக்கொடுத்தால் போதும் என்றார். "வாயால சொல்லி யாருக்குங்க தையல் வரும்?" என்று அனுப்பிவிட்டாள்.

அந்தக் கோடை விடுமுறையில் ஆசிரியர்களுக்கான பயிற்சி வகுப்புக்காகச் சேலத்துக்குப் போனேன். உயிரியல் பாடத்தில் புதிதாக வந்தவற்றைச் சொல்ல இளம் விரிவுரையாளர் ஒருவர் வந்திருந்தார். செல் எப்படிச் செய்தி அனுப்புகிறது, எப்படிச் சாகிறது என்று பேசினார். முதலில் நான் குறிப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். பிறகு பேனாவை மூடி வைத்துவிட்டேன்.

அவர் சொன்னதையும், அதற்கப்புறம் பல வருஷம் நானே தேடிப் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன். ஒரு செல்லுக்கு அபாயம் தெரிந்தால் அது சும்மா இருக்காது. ஒரு புரதத்தைச் செய்து வெளியே விடும். அடுத்த செல்லின் மேற்பரப்பில் அந்தப் புரதம் வந்து பொருந்த ஓர் இடம் இருக்கிறது. பொருந்தியதும் உள்ளே இருக்கும் ஒரு மூலக்கூறு இன்னொன்றைத் தட்டி எழுப்பும், அது மற்றொன்றை. செய்தி இப்படிக் கைமாறிக் கைமாறி உட்கருவரை போகும். உட்கரு அதைக் கேட்டு, அதே அபாயப் புரதத்தை இன்னும் நிறையச் செய்யச் சொல்லும். இரத்தக்குழாய் விரியும், நீர் கசியும், வெள்ளணுக்கள் வந்து குவியும். சிவப்பு, சூடு, வீக்கம், வலி. அவள் உடம்பில் நான் தொட்டுப் பார்த்ததெல்லாம் இதுதான். ஸ்டீராய்டு செய்ததும் இதற்குள்தான். செல்லுக்குள் புகுந்து, உட்கரு அந்த உத்தரவைப் போடாமல் தடுக்கிறது. தடுப்பை எடுத்ததும் உத்தரவு மறுபடி கிளம்புகிறது.

அதே செய்தி செல்லுக்குள் வேறு பாதையிலும் போகலாம். அந்தப் பாதையின் முடிவில் இருப்பது, செத்துப்போ என்ற உத்தரவு. ஒழுங்காகச் சாகிற செல் சுருங்கி, தன்னைத்தானே மடித்துக்கொண்டு, சிறு சிறு துண்டாகப் பிரியும். பக்கத்துச் செல்கள் விழுங்கிவிடும். சத்தம் இருக்காது. ஒழுங்கில்லாமல் சாகிற செல் உப்பி உடைந்து, உள்ளிருந்ததை எல்லாம் வெளியே கொட்டிவிடும். கொட்டியதைக் கண்டு சுற்றியுள்ள செல்கள் மறுபடி அபாயம் என்று புரதத்தை விடும். நரம்பைச் சுற்றியுள்ள உறை இறுக்கமானது, வீக்கத்துக்கு விரிய இடமில்லை. உள்ளேயே நெரிபட்டு நரம்பு சாகிறது.

அவர் ஒரு படம் காட்டினார். கருவில் வளரும் கை. முதலில் அது துடுப்புபோலத் தட்டையாக இருக்கிறது. விரல்களுக்கு நடுவே இருக்கும் செல்கள் உத்தரவு கேட்டுச் சத்தமில்லாமல் செத்துப்போகின்றன. அதனால்தான் விரல் பிரிகிறது. எனக்கு என் பெண்ணின் விரல்களை அவள் அம்மா பிரித்துப் பிரித்துப் பார்த்தது கண்ணில் வந்தது. 

வகுப்பு முடிந்து எல்லாரும் டீ குடிக்கப் போனபோது அவரிடம் போனேன். பெண்டாட்டி என்று சொல்லவில்லை. "சார், கிருமி செத்த பிறகும் இது நிக்கலேன்னா, எதனால?" என்று கேட்டேன்.

அவர் நல்லவர். உடனே எதையாவது சொல்லிவிடவில்லை. "தொடங்கறதுக்கு ஒரு செய்தி இருக்கற மாதிரி நிறுத்தறதுக்கும் இருக்கணும் சார். அது என்ன, எங்க அறுந்துபோகுதுன்னு இன்னும் யாருக்கும் சரியாத் தெரியாது. தேடிக்கிட்டிருக்காங்க" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "உங்க வீட்டுல யாருக்காவதுங்களா?" என்றார். இல்லை என்று சொல்லிவிட்டு டீ வாங்கிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து அவளுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். பாடம் நடத்துவதுபோல் தரையில் சாக்கட்டியால் படம் போட்டுக்கூடக் காட்டினேன். அவள் கடைசிவரை கேட்டாள். அவளுக்கு நன்றாகப் புரிந்தது. புரிந்துகொள்வதில் என் மாணவர்கள் யாரையும்விட அவள் கெட்டிக்காரி.

"அது என்னன்னு கண்டுபுடிச்சா என் கை வருமா?" என்றாள்.

"வராது."

"அப்ப அழிச்சுருங்க, வழுக்கும்" என்று தரையைக் காட்டினாள்.

கட்டிகள் வருவது எப்போது நின்றது என்று எனக்குச் சரியாகத் தெரியாது. இடைவெளி நீண்டுகொண்டே போய், ஒரு கட்டத்தில் வரவில்லை. மருந்து நிறுத்தியதா, தானாக ஓய்ந்ததா என்று டாக்டரம்மாவுக்கும் தெரியவில்லை. இனி எரிவதற்கு ஒன்றும் இல்லை என்பதால் இருக்கும் என்று நான் நினைத்துக்கொண்டேன். மருந்தை நிறுத்திய பிறகு அவள் நிறம் திரும்பி வந்தது. குழந்தையின் நிறம் அதற்கு வெகு முன்பே வந்துவிட்டது. மச்சான் குழந்தையைக் கொண்டுவந்து விட்டபோது நடக்க ஆரம்பித்திருந்தாள். அம்மாவைப் பார்த்து அவர் காலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

என் மனைவி குழந்தையைத் தொடவில்லை. தொட்டால் ஒட்டாது என்று டாக்டரம்மா சொன்னார், நான் சொன்னேன், பங்குச் சாமியார்கூட வந்து சொன்னார். மைக்ராஸ்கோப்பில் தெரியாதது ஒன்று இருக்கலாம் என்று அவள் நம்பினாள். எனக்கு அவளை மறுக்கத் தெரியவில்லை. கிருமி இல்லை என்று சொன்ன பிறகுதானே அவளுக்கு எல்லாம் வந்தது. குளிப்பாட்டுவது, சோறூட்டுவது, தலைவாருவது எல்லாம் நான். அவள் எட்ட உட்கார்ந்து, "வகிடு கோணலா இருக்குது பாருங்க", "காதுக்குப் பின்னால சோப்புப் போடலை" என்று சொல்லிக்கொண்டிருப்பாள். குழந்தையும் பழகிவிட்டது. விழுந்தாலும் என்னிடம்தான் ஓடி வரும். அம்மா என்பவர் பேசுகிற ஆள், அப்பா என்பவர் தூக்குகிற ஆள் என்று அது நினைத்துக்கொண்டிருந்தது.

பள்ளிக்கூடத்தில் சேர்க்கும் வயது வந்த சமயம் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டது. மத்தியானம் நான் வகுப்பில் இருந்தேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது குழந்தை பாயில் சுருண்டு கிடந்தது. இவள் பக்கத்தில் மண்டியிட்டிருந்தாள். இத்தனை வருஷத்தில் குழந்தைக்கு அவ்வளவு பக்கத்தில் நான் அவளைப் பார்த்ததில்லை. மடங்கிய வலது கையின் பின்புறத்தைக் குழந்தையின் நெற்றியில் வைத்திருந்தாள். எவ்வளவு நேரமாக அப்படி வைத்திருந்தாளோ. என்னைப் பார்த்ததும் கையை எடுக்காமலே கேட்டாள்:

"சுடுதுங்களா?"

நான் குனிந்து அவள் கைக்குப் பக்கத்தில் என் கையை வைத்தேன். சுட்டது. நெருப்பாகச் சுட்டது.

"சுடுது" என்றேன்.

அவள் கையை எடுத்துப் புடவைக்குள் வைத்துக்கொண்டு, எழுந்து போய் வாசல் நிலையில் சாய்ந்து நின்றாள். நான் துணி நனைத்து நெற்றியில் போட்டேன். டாக்டர் ஊசி போட்டு, சாதாரணக் காய்ச்சல்தான் என்றார். ஓரிரு நாளில் குழந்தைக்கு வேர்த்தது, உடம்பு தணிந்தது, எழுந்து உட்கார்ந்து களி வேண்டும் என்று கேட்டது. அந்தச் சின்ன உடம்புக்குள் அபாயம் என்ற செய்தி எழுந்து, செல்லிலிருந்து செல்லுக்குப் போய், செய்யவேண்டியதைச் செய்துவிட்டு, நிற்கவேண்டிய இடத்தில் நின்றுவிட்டது. நான் களி கிளறிக்கொண்டு வந்து உருட்டிக் கொடுத்தேன். அவள் வாசலிலிருந்து, "ஆறவெச்சுக் குடுங்க" என்றாள்.